தண்ணி விழாத அருவியில் கிழிந்த காதுகள்

காது டாக்டர் வேலை என்பது, எதிரில் இருப்பவர் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில் பாதியைக்கூட நம்பாமல் அவர் காதுக்குள் எட்டிப் பார்ப்பது.

வாய் பொய் சொல்லும். கண்ணும் சொல்லும், வேண்டிய நேரத்தில் கலங்கிக் காட்டும். காதுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே செவிப்பறை என்று வெங்காயச் சருகு மாதிரி ஒரு ஜவ்வு இருக்கிறது. ஒரு தடவை கிழிந்து ஆறினால் அது அடையாளம் வைத்துக்கொள்ளும். சிலருக்குச் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளைத் திட்டு. சிலருக்குக் கிழிந்த இடம் மட்டும் கண்ணாடித்தாளாக மெலிந்து போயிருக்கும். பல பேருக்கு வலியும் இருக்காது, கேட்பதில் குறையும் இருக்காது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் குழாய் போன்ற சின்னக் கேமராவை உள்ளே விட்டால், சுவரில் மாட்டிய டிவியில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும்.

சின்ன வயதில் கன்னத்தில் ஒன்று வாங்கி, காதுக்குள் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போன வாசகர்களே, உங்களை எனக்குத் தெரியும். வீட்டில் நீங்கள் என்ன காரணம் சொன்னீர்கள் என்பதும் தெரியும். தென்காசியில் எல்லோருக்கும் ஒரே காரணம்தான்: "குற்றாலத்துல குளிச்சேன், தண்ணி அடிச்சிட்டு." இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். காதுகளை மாற்றவில்லை. முக்கியமான இரண்டு காதுகளின் சொந்தக்காரர்கள், எழுதுங்கள் என்று அவர்களே சொன்னார்கள்.

நேர்க்குத்து

அருவியைக் குறை சொல்லும் முன் அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரருவித் தண்ணீர் நிஜமாகவே காதைக் கிழிக்கும். நிமிர்ந்து நின்று உச்சந்தலையில் வாங்கினால் சுகம். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தால் ஓங்கி ஓர் அறை.

வடகரை செல்லையா தென்னந்தோப்புக்காரர். சாரல் நன்றாக இறங்கியிருந்த ஒரு நாள், சென்னையிலிருந்து வந்த மச்சினர் காதில் பஞ்சு வைத்துக் குளிப்பதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறார். "உள்ளூர்க்காரன் எப்படிக் குளிப்பான்னு பாரும்" என்று சொல்லி, தண்ணீர் நேர்க்குத்தாக விழும் இடத்தில் போய் இடது காதைக் காட்டி நின்றிருக்கிறார். படீர் என்று ஒரு சத்தம். பிறகு அந்தப் பக்கம் உலகமே அமைதி. என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவருக்கு வலியைவிட மச்சினர் சிரித்ததுதான் பெரிய வருத்தமாக இருந்தது.

காதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் விடக்கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அதிசயமாக, சொன்னபடி கேட்டார். ஓட்டை தானாக மூடிக்கொண்டது. டிவியில் தழும்பைக் காட்டியபோது, கல்யாண வீடியோ பார்ப்பதுபோல ரசித்துப் பார்த்தார்.

"நல்லா மூடிட்டுல்லா டாக்டர்? அப்பம் சாரல் நிக்கதுக்குள்ள வலது காதையும் ஒரு நாள் காட்டிட்டு வந்துருதேன்."

சுடலையிடம் ஒரு வார்த்தை

என் கிளினிக்கில் நர்ஸ் இசக்கியம்மாள். அவருடைய தம்பி சுடலை, பேரருவிக்குப் பக்கத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அதனால் எங்களிடம் வேறு எந்தக் காது ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. யாராவது "அருவியில அடிச்சிட்டு" என்று சொன்னால் நான் கேமராவை எடுப்பேன், இசக்கியம்மாள் போனை எடுப்பார். "ஏலே சுடலை, தண்ணி எப்படிலே விழுது?" தண்ணீர் நூலாக விழுகிறதா, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா, பாறை காய்ந்து கிடக்கிறதா என்று அங்கிருந்து நேரடி ஒலிபரப்பு வரும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தனியாகக் கேட்டால் அவருக்குத் திருப்தி கிடையாது.

இன்னொரு கணக்கும் எங்களிடம் உண்டு. ஊரில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். எதிரே நிற்பவரை அறைந்தால் அது விழுவது இடது காதில். அருவிக்கு இடது, வலது என்ற பாகுபாடு இல்லை. ஒரு நாள் ராயகிரியிலிருந்து தடித்த மீசையோடு ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிழிந்திருந்தது மீசைக்காரரின் வலது காது. ஐந்தருவி என்றார். சுடலையும் தண்ணீர் தாராளம் என்றான். நம்பி மருந்து எழுதினேன். அந்த அம்மாள் சீட்டை வாங்கி, எந்த மருந்து எந்த வேளைக்கு என்று பேனா கேட்டுக் குறித்துக்கொண்டார், இடது கையால்.

நானும் இசக்கியம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம், "யார் அடிச்சாலும் அடி அடிதான். இனி ஒரு தடவை நடந்தா வெக்கப்படாம போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை. ஆண் பிள்ளை காதும் அதே ஜவ்வுதான். அவர் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"அங்கன போயி யார்ட்ட சொல்ல டாக்டர்? அந்த ஸ்டேஷன்ல ஏட்டே நாந்தான்."

பிரம்பு பிடித்த கை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காதுக் குறும்பி எடுக்க வந்தார். எடுத்த பிறகு பார்த்தால், இடது செவிப்பறையில் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. "சார், சின்ன வயசுல யாராவது அறைஞ்சாங்களா?" என்று கேட்டேன். "என்னையா? நாந்தான் எல்லாரையும் அறைஞ்சிருக்கேன்" என்று சந்தோஷமாகச் சிரித்தார். அவரிடம் அறை வாங்கியவர்கள் எல்லாம் இன்று பெரிய பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்களாம். ஊரில் பார்த்தால் காலில் விழுகிறார்களாம். எல்லாம் அந்த அறையின் மகிமையாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் நான் மறைக்கிற ஆள் இல்லை. "அறை வாங்காமப் படிச்சவங்களும் அதே உத்தியோகத்துலதான் இருக்காங்க சார். அவங்களுக்கு ரெண்டு காதும் சுத்தமா இருக்கு" என்றேன். அவர் டிவியைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஐந்தாம் வகுப்பு, கணக்கு வாத்தியார், பதினாறாம் வாய்ப்பாடு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டில் போய் அருவித் தண்ணீர் அடித்தது என்றுதான் சொன்னாராம். அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் அவர் பங்குக்கும் ஒன்று விழும் என்ற பயம்.

சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அவர் கேட்டதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் இல்லை.

"அப்பம், என்கிட்ட படிச்ச பிள்ளையளுக்கு எல்லாம் இந்தக் காதுல இது இருக்குமோ டாக்டர்?"

சித்திரை வெயில்

இனிமேல் சொல்லப்போவது சங்கரியின் கதை. இலத்தூர்ப் பெண். அப்பா பரமசிவம் வயலும் தோப்புமாகப் பழைய குடும்பம், கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர். சங்கரி ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை குமார் தென்காசியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டாள், அல்லது விடச் சொன்னார்கள்.

சித்திரை மாதம், தார் ரோடு இளகும் வெயிலில் இரண்டு பேரும் வந்தார்கள். சங்கரியின் இடது காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. "என்ன ஆச்சும்மா?" என்று நான் அவளிடம் கேட்டேன். பதில் குமாரிடமிருந்து வந்தது.

"நேத்து குற்றாலம் போயிருந்தோம் டாக்டர். அருவித் தண்ணி அடிச்சிட்டு."

இசக்கியம்மாள் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "ஏலே சுடலை, நேத்து தண்ணி எப்படிலே?"

"தண்ணியா? பாறையில துணி காயப் போட்டிருக்காவ. தண்ணி விழுந்தா நான் ஏன்க்கா இந்நேரம் படுத்துத் தூங்குதேன்?"

குமார் கொஞ்சம் தடுமாறி, பேரருவி இல்லை, பழைய குற்றாலம் என்றார். "அங்கனயும் வேற வானமா இருக்கு?" என்றார் இசக்கியம்மாள். நான் கேமராவை வைத்துப் பார்த்தேன். செவிப்பறையின் நடுவில், ஓரம் பிய்ந்த புதுக் கிழிசல். மருந்து எழுதும்போது குமார் குனிந்து, "அருவியில பட்டதுன்னு ஒரு வரி எழுதிருங்க டாக்டர், மாமாகிட்ட காட்டணும்" என்றார். "காது கிழிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கேன். அருவின்னு எழுதமாட்டேன். வேற டாக்டர் யாராவது எழுதினா வாங்கிக்கோங்க" என்று சொல்லி, மருந்து வாங்க அவரை மட்டும் மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பினேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சங்கரியிடம் பேசினேன். போலீஸுக்குப் போகவேண்டும் என்றால் கூட வருகிறேன், அப்பாவிடம் பேச வேண்டும் என்றாலும் வருகிறேன், எதுவும் வேண்டாம் என்றால் உன் இஷ்டம், ஆனால் அருவி என்று மட்டும் என்னிடம் சொல்லாதே என்றேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"அருவின்னே இருக்கட்டும் டாக்டர். அருவின்னா யாரும் அதுக்கு மேல கேக்கமாட்டாவ."

எண்ணெய் விடாத அம்மா

அடுத்த தடவை சங்கரி தன் அம்மாவோடு வந்தாள். கோமதியம்மாள், ஒல்லியான உருவம், அதிர்ந்து பேசாதவர். காது வலி என்றால் எங்கள் பக்கத்து அம்மாக்கள் முதலில் தேடுவது எண்ணெய்க் கிண்ணத்தை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக விட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் வருவார்கள். கிழிந்த காதில் அதைவிடக் கெடுதல் கிடையாது. என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கோமதியம்மாள் அதை முடித்து வைத்தார்.

"விடலை டாக்டர். எண்ணெய் விட்டா உள்ள போயி சீழ் வச்சிரும். மாசக்கணக்குல ஒழுகும். தலையணை உறையெல்லாம் நாறும். வீட்டுல பக்கத்துல யாரும் படுக்கமாட்டாவ."

"யாருக்கு அப்படி ஆச்சு?"

"எங்க தெருவுல ஒருத்திக்கு."

தெருவில் ஒருத்தியின் தலையணை உறை எப்படி நாறும் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? நான் இன்னொன்றையும் கவனித்தேன். இடது பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் பேசினால் கோமதியம்மாள் மொத்த முகத்தையும் திருப்பினார். நாற்காலியை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்து, சின்னக் குரலில், "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே வந்து நின்று, "உங்க காதையும் ஒரு தடவை பாத்திருவோமா?" என்றேன். உடனே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வேண்டாம் டாக்டர். எங்க வீட்டுல கேக்க வேண்டியதுக்கு ஒரு காதே ஜாஸ்தி."

ஆறவில்லை என்று சொல்லுங்கள்

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துத் திருப்பி அனுப்புவதும் வழக்கம். சங்கரியையும் இலத்தூருக்கு அழைத்து வந்திருந்தார்கள். அங்கிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தாள். காதைப் பார்த்தேன். ஓட்டை முழுவதும் மூடியிருந்தது. அந்த இடம் மட்டும் மெலிந்து, வெளிச்சம் பட்டால் மினுங்கியது. இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது. உடம்பு யாருக்கும் சொல்லாமல் தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்கிறது. சந்தோஷமாக, "நல்லா ஆறிட்டும்மா" என்றேன். சங்கரி அழ ஆரம்பித்தாள்.

"ஆறலைன்னு சொல்லுங்க டாக்டர். இன்னும் ஒரு வருசம் ஆகும்னு சொல்லுங்க."

காது ஆறவில்லை என்று சொல்லி, ஆடிக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே நாளைத் தள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். அப்பா ஆவணியில் நாள் குறித்துவிட்டார். காது சரியாகிவிட்டது என்று நான் சொன்னால், அந்த நாளில் வண்டி ஏற்றிவிடுவார்கள். அன்றைக்குத்தான் என்னிடம் முழுவதும் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து, மறுபடி வேலைக்கு வருகிறாயா என்று கேட்டுப் போன் வந்ததாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். யாரைக் கேட்டு யோசிப்பாய் என்று விழுந்த அறை அது. முதல் அறையும் இல்லை. காது கிழிந்தது மட்டும்தான் அதில் புதிது. "அங்க போனா அடுத்த காதும் போயிரும் டாக்டர்" என்றாள்.

பொய் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்தப் பொய் அவளுக்கு உதவாது. "நான் ஆறலைன்னு சொன்னா, உங்க அப்பா இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. அவர் ஆறிட்டும்பார். அப்புறம் நீ சொல்ற எதையும் நம்பமாட்டாங்க. ஆறினதும் நிஜம், கிழிஞ்சதும் நிஜம். ரெண்டையும் டிவியில போட்டுக் காட்டுறேன். அப்பாவைக் கூட்டிட்டு வா. நீ வாயைத் திறந்தா மீதியை நான் பாத்துக்கிடுறேன்" என்றேன். அவள் டிவியில் தன் காதை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவைக் கூப்பிட்டா எங்க வீட்டுக்காரரும் கூட வருவாவ டாக்டர். வரட்டும். நாலு பேரா பாக்கட்டும்."

சாப்பாட்டுத் தட்டு அளவில்

ஆடி முடியும் வாரம் நாலு பேரும் வந்தார்கள். வெளியே நல்ல சாரல். பரமசிவம் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. குமார் சிரித்த முகம். சங்கரி உதட்டை இறுக்கியிருந்தாள். கோமதியம்மாள் மூலையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பரமசிவம் விஷயத்துக்கு நேராக வந்தார்.

"காது ஆறிட்டுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா, நல்ல நாள்ல பிள்ளையை அனுப்பிச்சிருவோம் டாக்டர்."

"எல்லார் முன்னாடியும் போடட்டுமா?" என்று சங்கரியைக் கேட்டேன். "போடுங்க" என்றாள். முதலில் வலது காது. பளபளவென்று முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி, ஒரு கீறல் இல்லை. பிறகு இடது காது. மெலிந்த அந்த வட்டம் டிவி முழுக்க விரிந்தது. "இதுதான் கிழிஞ்சு ஆறின இடம்" என்றேன்.

"அருவித் தண்ணிக்கு அம்புட்டு வேகம்" என்றார் பரமசிவம்.

இசக்கியம்மாளின் கை போனுக்குப் போனது. அதற்கு வேலை வைக்காமல் சங்கரி பேசிவிட்டாள். "அருவி இல்லப்பா. சித்திரையில அருவியில ஏது தண்ணி? உங்களுக்கும் தெரியும்லா? இவியதான் அடிச்சாவ."

குமாரின் சிரிப்பு நின்றது. "ஏதோ ஒரு கோவத்துல கை பட்டுட்டு மாமா" என்றார். பரமசிவம் மாப்பிள்ளையை முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "சரி, குடும்பம்னா ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும். அதான் ஆறிட்டுல்லா? ஆறினதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருந்தா குடும்பம் நடத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க டாக்டர்."

சொன்னேன். "ஆறினது உங்க பொண்ணு உடம்போட நல்ல குணம் அண்ணாச்சி. அடிச்சவரோட நல்ல குணம் இல்லை. அதை அவர் கணக்குல வரவு வைக்காதீங்க."

"டாக்டர் வேலையை மட்டும் பாருங்க" என்றார் குமார். "இதுதான் அந்த வேலை" என்றேன். பரமசிவம் எழுந்துகொள்ள நாற்காலியைத் தள்ளினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அப்போது மூலையிலிருந்து கோமதியம்மாள் எழுந்து வந்தார். கையிலிருந்த பையைக் கணவரிடம் கொடுத்தார். சங்கரியை எழுப்பிவிட்டு அந்த ஸ்டூலில் தான் உட்கார்ந்து, இடது பக்கத்து முடியை ஒதுக்கினார்.

"எனக்கும் போடுங்க டாக்டர்."

"ஏட்டி, உனக்கு என்ன வந்துட்டு இப்பம்?" என்றார் பரமசிவம். அவர் நின்றது மனைவியின் இடது பக்கம். கோமதியம்மாள் திரும்பவில்லை. நிஜமாகவே கேட்டிருக்காது. நான் கேமராவை வைத்தேன். டிவியில் செவிப்பறை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, முக்கால்வாசியும் சுண்ணாம்பு பூசிய சுவர். "இது ரொம்பப் பழசு. கிழிஞ்சு, சீழ் வச்சு, வெகுநாள் ஒழுகி, அப்புறம் ஆறினது. இடது காது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பரமசிவம் கையிலிருந்த பையைப் பிடித்தபடி டிவியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சங்கரி அம்மாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். காதில் கேமரா இருந்ததால் கோமதியம்மாள் தலையை அசைக்காமல், நேர் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இது எந்த அருவின்னு எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க டாக்டர்."

ஆவணி

பரமசிவம் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல்தான் படி இறங்கினார். மன்னிப்பு கேட்டார், மனம் திருந்தினார் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான், நடந்ததைத்தான் எழுத முடியும். காரில் ஏறப்போன குமாரிடம், "நீங்க பஸ்ஸுல போங்க மாப்ள" என்று மட்டும் சொன்னாராம். ஜன்னலில் நின்று பார்த்த இசக்கியம்மாள் வந்து சொன்னார். அன்று மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

ஆவணி பிறந்தது, குறித்த நல்ல நாளும் வந்து போனது. சங்கரி போகவில்லை. சொந்தக்காரர்கள் வந்து சமாதானம் பேசியபோது, கோமதியம்மாள் தன் இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் தலையாட்டிவிட்டு, எதுவும் காதில் விழவில்லை என்று அனுப்பிவிட்டாராம். சங்கரி பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துவிட்டாள். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்று வக்கீலிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், இல்லாவிட்டால் ஒரு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று கோமதியம்மாளிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இருக்கட்டும் டாக்டர், எங்க வீட்டுக்காரர் பேசும்போது இந்தப் பக்கத்தைக் காட்டி உக்காந்துக்கிடுதேன்."

குற்றாலத்தில் தண்ணி வற்றிவிட்டது என்று ஊரே வருத்தப்படும் மாதங்கள்தான், பழி போட அருவி கிடைக்காமல் உண்மை வெளியே வருவதால், எங்கள் கிளினிக்குக்குச் சீசன்.